சோக்குப் பெட்டியும் 14ஆம் லூயியும்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு மூண்டு தரம் போன் எடுத்திட்டினம். பிக் மட்ச் பற்றியும் கன்ரீன் வடை பற்றியும் வருசா வருசம் எல்லாரும் எழுதினம், நான் எங்கட ஏ.எல் வரலாறு சேரைப் பற்றி எழுதுறன். பேர் போடேல்லை, போட்டா மனுசன் மேல இருந்தும் காது முறுக்கும்.

1986இல ஆர்ட்ஸ் வகுப்பில நாங்கள் 11 பேர். ஐரோப்பிய வரலாறு எண்டாலே நித்திரை. பிரான்ஸ் ராசா 14ஆம் லூயியின்ர பாடம் தொடங்கின கிழமை சேர் ஒரு புது வழக்கம் கொண்டு வந்தார், ஸ்டாஃப் ரூமில இருந்து சோக்குப் பெட்டி கொண்டு வர ஒராள், டஸ்டருக்கு ஒராள், கதிரை இழுத்து விட ஒராள், ஆர் ஆர் எண்டு ஒவ்வொரு நாளும் அவரே சொல்லுவார். முதல் நாள் சிரிச்சம். நாலாம் நாள் என்னை டஸ்டரில இருந்து சோக்குப் பெட்டிக்கு ஏத்தினார், வீட்ட போய் அம்மாட்டச் சொன்னன் எண்டா பாருங்கோவன். அடுத்த கிழமை முன் வாங்கில இருந்த ரெண்டு பேர் அந்தப் பெட்டியால கதை பேச்சில்லை. அண்டைக்குத்தான் சேர் போர்டில லூயியின்ர அரண்மனைப் பேர், வேர்சாய் எண்டு எழுதிப்போட்டுத் திரும்பினார்.

"ஒரு சதம் தரேல்லை, அடிக்கவும் இல்லை. பிறகேன்ரா அடிபடுறியள்?"

பிறகு சொன்ன கதை இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு. லூயி ராசாவானது 1643இல, அஞ்சு வயசும் முடியேல்லை. 1648இல பாரிஸ் நீதிமன்றக்காரரும் பிறகு பெரிய பிரபுக்களும் அரசுக்கு எதிராக் கிளம்பிட்டினம், 1649 ஜனவரியில ஒரு இரவு பெடியனைத் தூக்கிக்கொண்டு தாய் பாரிசை விட்டு ஓட வேண்டி வந்தது. 1651இல சனம் அரண்மனைக்குள்ள பூந்து, ராசா திரும்ப ஓடிட்டானோ எண்டு படுக்கை அறைக்கே போய்ப் பாத்தது, பெடியன் கட்டிலில கிடந்தான். "அந்தக் கட்டிலை மறக்காதையுங்கோ" எண்டார் சேர்.

ஏனெண்டா 1682இல அரசவை வேர்சாய்க்குப் போன பிறகு எல்லாம் அந்தக் கட்டிலைச் சுத்தித்தான். முந்தி படை திரட்டின குடும்பத்து ஆக்கள் விடிய எழும்பி ராசா கண் முழிக்கிறதைப் பாக்க வரிசையில நிண்டினம். வலக்கைச் சட்டையைப் பிடிக்க ஒராள், இடக்கைக்கு ஒராள், சட்டையை எடுத்து நீட்டுறது அங்க நிக்கிறவைக்குள்ள ஆகப் பெரியவர். இரவு படுக்கப் போகேக்க ஒரு சின்ன மெழுகுதிரித் தாங்கி, அதை ஆர் பிடிக்கிறதெண்டு ராசா சொல்லுவார். அறை முழுக்க வெளிச்சம், திரிக்கு ஒரு வேலையும் இல்லை, எண்டாலும் அதுக்கு அடிபாடு. ஊரில தன்ர கோட்டையில இருந்து சண்டை பிடிக்க இப்ப ஆருக்கு நேரம்?

சோடினை மட்டும் காணாது எண்டும் சேர் சொன்னவர். 1654இல ரான்ஸ் தேவாலயத்தில முடிசூட்டேக்க பூசின புனித எண்ணெய், கழுத்தில கட்டி வாற கண்டமாலை வியாதிக்காரரைத் தொட்டுக் குணமாக்கிற சடங்கு, இதெல்லாம் கடவுள் பக்கம். 1661இல மந்திரி மசரின் செத்த உடன இனி முதல் மந்திரியே இல்லை, நானே பாப்பன் எண்டிட்டார், மாகாணங்களுக்கு வரி, நீதி பாக்கத் தன்ர ஆக்களை விட்டார். 1685இல புரட்டஸ்தாந்துக்காரருக்கு இருந்த உரிமையை இல்லாமச் செய்ய லட்சத்துக்கு மேல சனம் நாட்டை விட்டு ஓடினது. இங்கிலீசில ரெஃப்யூஜி எண்ட சொல்லே முதல்ல அவைக்குத்தான் விழுந்தது. அப்ப அதைச் சும்மா நோட்ஸில எழுதினன், அஞ்சு வருசத்தால அதே பிரான்சில லைனில நிண்டு அந்தக் கார்ட் எடுப்பன் எண்டு ஆர் கண்டது.

வந்த புதுசில கோப்பை கழுவின ரெஸ்ரோறன்ற், பாரிசில போர்த் சென் டெனி எண்ட பழைய வளைவு வாசலுக்குக் கிட்ட. லாச்சப்பலில எங்கட கடையள் இருக்கிற அதே றோட்டின்ர மற்றத் தொங்கல். ஆறு மாசமா அந்தப் பெரிய வளைவுக்குக் கீழ நிண்டு சிகரெட் பத்தினனான், ஒருநாள் நிமிந்து பாத்தா 'லுடொவிகோ மாக்னோ', மகா லூயிக்கு எண்டு கிடக்கு. பழைய மதிலை இடிச்சுப்போட்டு 1672இல கட்டினது, காவலுக்கில்லை, பேருக்கு நிக்கிற வாசல். அந்த வருசம் ரைன் ஆத்தைக் கடந்த வெற்றிக்குத்தான் அது. அதில படை நடத்திக் காயப்பட்ட கொந்தே பிரபு ஆர் தெரியுமோ, சின்ன வயசில இதே ராசாவுக்கு எதிரா ஆமி நடத்தின ஆள்! அண்டைக்கு சேருக்கு ஒரு கடிதம் எழுதினன், சண்டை நேரம், போய்ச் சேந்துதோ தெரியாது.

போன வருசம் இங்க ஒரு விழா. குத்துவிளக்குக்கு அஞ்சு திரி, மைக்கில ஒம்பது பேர். பேர் விடுபட்ட ஒருத்தர் சாப்பிடாமலே காரை எடுத்திட்டார். நான் பின் வரிசையில இருந்து சேரின்ர கேள்வியை நினைச்சுச் சிரிச்சுக்கொண்டிருக்கேக்க என்ர பேரையும் கூப்பிட்டினம். ஹோல் முழுக்க லைட். எழும்பி, கோட் பட்டனைப் பூட்டிக்கொண்டு போனன்.