விளம்பரக் கணக்கில் ஒரு ஜிப்பா

பகட்டுக்காரர் என்றாலே காசை அள்ளி இறைப்பவர் என்று பலருக்கும் நினைப்பு. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடையும் பக்கத்துத் தெருவில் சின்ன ஹோட்டலும் வைத்திருந்த முதலாளியிடம் கணக்கு எழுதிய எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஊதாப் பட்டு ஜிப்பா, விரல் நிறைய மோதிரம், ஆள் வருவதற்கு முன்பே வந்துவிடும் அத்தர் வாசம். வாசலில் அவர் நின்றால் சுற்றுப்பயணிகள் படம் எடுக்க வருவார்கள். பாதிப் பேர் கடைக்குள்ளும் நுழைவார்கள். ஜிப்பா தைத்த பில்லை விளம்பரச் செலவில் எழுதச் சொல்வார். ஆடிட்டர் அதை அடித்துச் சொந்தச் செலவில் போடுவார். “வாசல்ல போர்டு மாட்டினா விளம்பரம், நானே போர்டா நின்னா இல்லையா தம்பி?” என்பார். சட்டப்படி ஆடிட்டர்தான் சரி. வியாபாரப்படி யார் சரி என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000இலிருந்து பழைய கடைவீடுகளின் வாடகை எகிறியது. 2008இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் பல கடைவீடுகள் பூட்டிக் ஹோட்டல்களாயின. (முன்பு குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆளில்லை.) இவர் ஹோட்டல் தொடங்கியதும் அந்த அலையில்தான்.

சேலை விற்கிற வித்தையையே அங்கேயும் கொண்டுபோனார். கடையில் விலை சொல்லும் முன் முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். ஹோட்டலில் சாவி கொடுக்கும் முன் நடுமுற்றத்தில் நிறுத்தி வானத்தைக் காட்ட வேண்டும். படுக்கை விரிப்பு வந்திறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார். பாலியஸ்டர் கலப்பு என்றால் மூட்டை அப்படியே லோரிக்குத் திரும்பும்.

பினாங்கின் பழம்பெரும் ஈ அண்ட் ஓ ஹோட்டலை அந்தக் காலத்தில் நடத்திய ஆர்மீனியர் அர்ஷாக் சார்க்கீஸ், தலையில் விஸ்கி கிளாஸை நிறுத்திக்கொண்டு நடனமாடுவார் என்றொரு கதை இங்கே உலவுகிறது. அதை எங்கள் முதலாளி ரசித்து ரசித்துச் சொல்வார். 1931இல் அர்ஷாக் இறந்த அதே ஆண்டு அவருடைய குடும்ப நிறுவனம் திவாலானதை மட்டும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

2020 மார்ச் 18, கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஹோட்டல் காலி. அவர் விரல்களும் ஒவ்வொன்றாகக் காலியாயின. அடகுச் சீட்டுகளை என்னிடமே நீட்டி, “முதலாளி போட்ட பணம்னு வரவு வை” என்றார். சம்பளம் குறைந்தது, நிற்கவில்லை.

பிறகு ஹோட்டலைக் குத்தகைக்கு விட்டார். வேலையாட்களை நிறுத்தக்கூடாது என்ற ஷரத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். அதனால் குத்தகைப் பணம் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “போகட்டும் விடு” என்று கையெழுத்துப் போட்டார், தங்க முலாம் பூசிய பேனாவால்.