கூடுதலாக ஒரு மரம்

ஜூன் 3

கற்பூரம் தேடி மலேசியாவின் எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் போகும் நான்கு பேரின் கதை. இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். 60 பக்கம் சேர்ந்ததும் முதன்முறையாக ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். என் தோழி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. திகில் கதை கையில் கிடைத்தால் விடிய விடியப் படிப்பாள்.

நேற்று இரவு செந்தூலில் வழக்கமான மாமாக் உணவுக்கடையில் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். தே தாரிக் டீ ஆறும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்: "அக்கா, பேய் நல்லா இருக்கு. காட்டைத்தான் காணோம். மூணாவது அத்தியாயத்துலயே மரத்துல மூஞ்சி தெரிஞ்சிடுச்சா, அதுக்கப்புறம் மூஞ்சி திரும்ப எப்ப வரும்னு மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து மறுபடி படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. என் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்த முதல் நாளே பயப்படுகிறார்கள். இருட்டு, வௌவால், ஊளை. காட்டில் பிழைக்கிறவன் இதற்கெல்லாம் ஏன் பயப்படப் போகிறான்? பயந்தது நகரத்தில் இருந்துகொண்டு எழுதிய நான். மூன்றாம் அத்தியாயத்தை அப்படியே எடுத்துவிட்டேன். 22 பக்கம் போனது.

ஜூன் 5

தேசிய நூலகத்தில் அரைநாள். கற்பூர மரத்தைப் பற்றி முன்பே குறிப்பு எடுத்திருந்தேன். இன்று அதையே நிதானமாக உட்கார்ந்து படித்தேன்.

மலாய்க்காரர்கள் காப்பூர் என்று சொல்லும் மரம் 60 மீட்டர் உயரத்தையும் தாண்டும். கற்பூரம் அதன் நடுத்தண்டில், வெடிப்புகளுக்குள் வெள்ளைக் கட்டியாகப் படிந்திருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்து, இதில் இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்ல முடியாது. வெட்டிச் சாய்த்துப் பிளந்தால்தான் தெரியும். இல்லையென்றால் அத்தனை நாள் நடையும் அத்தனை பெரிய மரமும் வீண்.

அதனால்தானோ என்னவோ, ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் எடுக்கப் போன ஜாக்கூன் பூர்வகுடி மக்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடுகள் இருந்தன. காட்டில் இருக்கும்வரை அன்றாடச் சொற்களைப் பேசக் கூடாது. அதற்கென்றே தனிமொழி உண்டு, பந்தாங் காப்பூர் என்று பெயர். வாய் தவறி வழக்கமான சொல்லைச் சொல்லிவிட்டால் கற்பூரம் கிடைக்காது. மரத்துக்கு உரிய ஆவி பிசான், பெண். இரவில் சிள்வண்டு போல ஒரு குரல் கேட்டால் அவள் பாடுகிறாள், பக்கத்தில் கற்பூரம் இருக்கிறது என்று நம்பினார்கள். சாப்பிடுவதற்கு முன்பு அவளுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட வேண்டும்.

சுமத்ராவில் பாரூஸ் பக்கத்து லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. பாரூஸ் என்றாலே அந்தக் காலத்தில் கற்பூரம்தான். இன்று கோயிலில் நாம் ஏற்றுவது பெரும்பாலும் பைன் மர டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்வது. ஆனால் ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழ் வணிகர்கள் கடல் தாண்டி வந்து கற்பூரம் வாங்கியிருக்கிறார்கள். அதை எடுக்க யார் எந்தக் காட்டுக்குள் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நம் பாட்டிலும் கதையிலும் நான் படித்ததே இல்லை. இந்த நாவலை நான் எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தான்.

இன்று வேறொன்றும் புரிந்தது. நான்கு பேர். தெரிந்த சொல் எதையும் பேசக் கூடாது. அவர்களில் ஒருவன் கண்ணில் தப்பான ஏதோ பட்டுவிடுகிறது. எந்த வார்த்தையில் மற்றவர்களிடம் சொல்வான்?

ஜூன் 8

அம்மாவைக் கூட்டிக்கொண்டு கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போனேன். கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே கற்பூர மரத்தைக் கிட்ட நின்று பார்க்கலாம். அங்கே இருப்பது தானாக முளைத்த காடு இல்லை. ஈயம் தோண்டிப் பாழாகிப்போன நிலத்தில் 1920களிலிருந்து ஊன்றி வளர்த்தது. நடந்து பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கற்பூர மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு மரத்தின் தலை இன்னொரு மரத்தின் தலையைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு முழம் வானம், வாய்க்கால் வெட்டியதுபோல வளைந்து வளைந்து போகிறது. காற்று அடித்தபோது எல்லாத் தலைகளும் சேர்ந்து ஆடின. அப்போதும் ஒன்றையொன்று தொடவில்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே விழுந்து கிடந்த இலை ஒன்றை எடுத்துக் கசக்கி அம்மாவின் மூக்கருகே நீட்டினேன். "மாங்கா வாசம்" என்றார். அவர் மேலே பார்க்கவில்லை. பாதையோரம் நின்று ஒவ்வொரு அடிமரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"என்னம்மா முணுமுணுக்குற?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மா. மரத்தைப் பார்த்தா எண்ணணும்."

திரும்பி வரும்போது காரில் ஒன்றும் பேசவில்லை. வழியில் ஒரு கம்பத்து (கிராமத்து) ஓரம் டுரியான் பழம் விற்றார்கள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஜூன் 9

ஆபீசில் மாதக் கணக்கு. ஒரு பத்தி எழுதினேன், அடித்துவிட்டேன். சாயங்காலம் முழுக்க இடி.

ஜூன் 11

அம்மா 19 வயதில் ஜொகூரில் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. லயத்துக்குப் பின்னால் ரப்பர், ரப்பருக்குப் பின்னால் காடு. இன்று எண்டாவ் ரொம்பின் என்று வரைபடத்தில் இருப்பது அதே காட்டின் தொடர்ச்சிதான். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் இரண்டு வருடம் அவரிடம் ஒரு கேள்வி கேட்காமல் நூலகத்துக்கு நடந்திருக்கிறேன்.

இன்று இரவு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம். கெப்போங்கில் எதற்கு எண்ணினார் என்று திரும்பக் கேட்டேன்.

அம்மாவின் நிரைகளில் மொத்தம் 380 மரம். விடியும் முன்னே ஆரம்பித்துவிட வேண்டும். குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் இருட்டிலேயே, தலையில் கட்டிய விளக்கோடு போய்விடுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மரம் தெரியும், அடுத்தது பாதி தெரியும். மரத்துக்கு ஒரு எண். ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனால் ஒன்றும் விட்டுப்போகாது, பயமும் இருக்காது.

"பன்னி வரும், பாம்பு கிடக்கும். புலி வர்றதும் உண்டு, ஆனா பேரைச் சொல்ல மாட்டோம், பெரியவருன்னுதான் சொல்றது. அதுக்கெல்லாம் நான் பயந்ததில்லை பாப்பா."

ஐந்தாறு நெத்திலி ஆய்ந்து முடித்த பிறகு, "ஒரு நாளு 381 வந்துச்சு" என்றார்.

"தப்பா எண்ணியிருப்ப."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்."

அதோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14

மூன்று நாளாக எழுதிக்கொண்டே இருக்கிறேன். காலை நான்கரைக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பும்வரை. நாவலில் பேயை முழுக்க எடுத்துவிட்டேன். இப்போது நான்கு நாள் வெறும் நடைதான். அட்டை, ஆறு, ஈர விறகு, சோறு. பங்கு போடுகிறவன் ஒருவன், அவன் தமிழன், பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தவன். தினமும் பிசானுக்கு ஒரு பிடி சோறு காட்டு வாழை இலையில் வைத்துக் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் வைக்கிறான். காலையில் போனால் எறும்பு மொய்த்திருக்கும். மூன்று நாளும் அப்படித்தான்.

நான்காம் நாள் காலையில் சோறு இல்லை. அதில் ஒன்றுமில்லை, எந்த விலங்கும் தின்றிருக்கும். ஆனால் இலை மடித்திருக்கிறது.

நம் வீட்டில் விருந்து முடிந்தால் இலையை நம் பக்கமாக மடிப்போம். எழவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்போம். அந்த நான்கு பேரில் இலை எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். பார்க்கிறான். இலையை எடுத்து ஆற்றில் விட்டுவிட்டு வந்து உலை வைக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு மொழியும் இல்லை.

இதை எழுதும்போது ஜிம் தாம்சன் ஞாபகமாகவே இருந்தது. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பெயர் பெற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, கேமரன் மலையில் நண்பர்களின் பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி மக்கள், போமோ என்னும் மலாய் மந்திரவாதிகள் என்று எல்லோரும் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது காட்டை நினைத்து நான் பயப்படவில்லை. விடாமல் சிகரெட் பிடிக்கிறவர் சிகரெட்டை எடுத்துக்கொள்ளாமல் போயிருந்தார் என்று சொன்னார்களே, அந்த இடத்தில்தான் உள்ளங்கை வேர்த்தது.

ஜூன் 18

தோழிக்குப் புது அத்தியாயத்தை அனுப்பியிருந்தேன். இரவு பதினொன்றரைக்கு அழைத்தாள்.

"அக்கா, இலை எந்தப் பக்கம் மடிஞ்சிருந்துச்சுன்னு நீங்க எழுதவே இல்லையே. விட்டுட்டேனோன்னு மூணு தடவை பின்னால புரட்டிப் பார்த்துட்டேன்."

எழுத மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, வைக்கிறேன், விளக்கைப் போட்டுட்டுத்தான் படுக்கணும்" என்றாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

ஜூன் 21

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பால்கனித் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்த அம்மா, நான் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் தப்பா எண்ணலை பாப்பா. கடைசி நிரை காட்டோரம். 380 முடிஞ்சா அங்கிட்டு வெறும் புதரு. அன்னிக்குப் புதருக்கு முன்னால ஒரு மரம் நிக்குது. விளக்கைத் தூக்கிப் பார்க்கிறேன். பால் புடிக்கிற மங்கு கவுத்து வெச்சிருக்கு. நான் மங்கைக் கவுத்தா இடது பக்கமா கொஞ்சம் சாச்சு வைப்பேன், தண்ணி வடியட்டும்னு. வேற யாரும் அப்படி வைக்க மாட்டாங்க. அதுவும் அப்படியே சாஞ்சிருக்கு."

நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

"பட்டையைத் தடவிப் பார்த்தேன். பழைய வெட்டு இருக்கு. என் கை வெட்டுதான். தண்டல் என்னை எப்பவும் திட்டுவாரு, முடியிற எடத்துல நீ ஆழமா இழுத்துடுறேன்னு. அதுலயும் முடியிற எடத்துல ஆழமா இருக்கு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? ஒரு மரம் கூட இருக்குன்னா? சிரிப்பாங்க. உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்லை."

மழைச் சத்தம். கீழே கம்யூட்டர் ரயில் ஒன்று போனது. அந்தத் தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை. ஒரு ரப்பர் மரம் மிச்சமில்லை, போய்ப் பார்க்கவும் வழியில்லை.

"நீ என்னம்மா பண்ண?"

"வேலைக்குப் போன புள்ள என்ன பண்ணும்? வெட்டினேன்."

"பால் வந்துச்சா?"

அம்மா கையில் இருந்த சட்டையின் கைகளை உள்பக்கமாக மடித்து, காலரைச் சரிசெய்து, அடுக்கின்மேல் வைத்தார்.

"மத்த மரத்தைவிட நல்லா வந்துச்சு. வாளியில சேர்த்து ஊத்தி, காண்டாக் கம்புல தூக்கிட்டு வந்து ஸ்டோர்ல நிறுத்தேன். கணக்கெழுதுற கிராணி எழுதிக்கிட்டாரு."

"அடுத்த தடவை போனப்போ?"

"380தான் இருந்துச்சு," என்றார். "ஆனா 380ஆவது மரத்துல மங்கைக் காணோம்."