கோபித்துக்கொள்ளும் மேலாளரிடம் வேலை பார்த்த அனுபவம்

என் மேலாளர் கத்துகிற ரகம் இல்லை. கத்தியிருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்காவது கேட்டிருக்கும். இவர் கோபித்துக்கொள்வார். டீமில் யாரையாவது துறைத் தலைவர் பாராட்டிவிட்டால் போதும், அந்த ஆளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அடுத்த மீட்டிங்குக்கான அழைப்பில் அவர் பெயர் விடுபட்டிருக்கும். கேட்டால், "அப்படியா, கவனிக்கலையே" என்பார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாயால் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, அது சரிவராமல் போனால் எல்லோர் முன்னாலும் "உங்களை யார் இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்பார். அதுதான் தாங்கவில்லை. ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவு காலையில் பார்த்தால் நீக்கப்பட்டிருக்கும்.

மனம்விட்டுப் பேசிப் பார் என்றார்கள் நண்பர்கள். பக்குவமான ஆளிடம் அது பலிக்கும். குறை என்று ஒரு சொல் காதில் விழுந்தாலே முகம் சுருங்குகிறவரிடம் மனம்விட்டுப் பேசினால், பேசியதே நம்மேல் அடுத்த புகாராகிவிடும். அதனால் அவருடைய குணத்தை அவரிடமே விட்டுவிட்டேன். அந்த வாய்மொழி உத்தரவுகளுக்கு மட்டும் ஒரு வழி பண்ணினால் போதும் என்று தோன்றியது.

அவர் ஏதாவது சொல்லி அனுப்பினால், இருக்கைக்கு வந்ததும் ஒரு சின்ன மெயில் போடுவேன். "சார், இப்போது பேசியபடி பழைய அறிக்கையை நிறுத்திவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை முடித்துத் தருகிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." அவ்வளவுதான். இதில் தொனி முக்கியம். "நீங்கள்தான் சொன்னீர்கள்" என்கிற வாடை துளிகூட வரக்கூடாது. அவருக்கு மேலே இருப்பவரை அந்த மெயிலில் சேர்க்கவும் கூடாது. சேர்த்தால் அது சண்டைக்கு அழைப்பு. சில மெயில்களுக்குப் பிறகு, "எல்லாத்துக்கும் மெயிலா?" என்று எரிந்து விழுந்தார். "எனக்கு மறந்துபோயிடுது சார், எழுதி வச்சாத்தான் நினைவிருக்கும்" என்றேன். அதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

வேலைமேல் வேலை குவித்தபோது முடியாது என்று சொல்வதையும் விட்டேன். முடியாது என்றால் அவருக்கு அது அவமானம். "இரண்டையும் வெள்ளிக்குள் முடிக்க நேரம் போதாது, எதை முதலில் முடிக்கட்டும்?" என்று கேட்பேன். தேர்வு செய்கிற அதிகாரம் தன் கையில் இருந்தால் அவர் சாந்தமாகிவிடுவார். பேசாமல் இருக்கும் நாட்களிலும் வழக்கம்போல வணக்கம் சொல்வேன், வேலை நிலவரம் சொல்வேன். என்ன கோபம் என்று போய்க் கேட்பதில்லை. சமாதானம் செய்யப் போனால் அந்தக் கோபத்துக்கு நாமே தீனி போட்டதாகிவிடும்.

கூடவே ஒரு குறிப்பேடும் வைத்திருந்தேன். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், உடன் இருந்தவர்கள், வேலையில் அதனால் என்ன பாதிப்பு. "கேவலமாக நடந்துகொண்டார்" போன்ற வரிகள் அதில் கிடையாது. பிற்பாடு வேறொருவர் படித்தால் நடந்தது மட்டும் தெரியவேண்டும். குறிப்பேடு என் சொந்தமானது, அலுவலகக் கணினியில் அதை வைக்கவில்லை. ஆனால் அலுவலக மெயில்களை என் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளவும் இல்லை. பல நிறுவனங்களில் அது விதிமீறல், நம்மைப் பிடிக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.

இது வெறும் சிறுபிள்ளைத்தனமா, இல்லை துன்புறுத்தலா என்ற குழப்பம் எனக்கு நாள்பட இருந்தது. வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கையைத் தேடிப் படித்தேன். உடலுக்கு மட்டுமல்ல, மனதுக்கோ வருமானத்துக்கோ தீங்கு செய்யக்கூடிய நடத்தையும் அதன் வரையறைக்குள் வருகிறது. ஒரே ஒரு முறை நடந்தாலும் அது பொருந்தும். இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது அதில் சேராது என்று எனக்குப் பட்டது. மீட்டிங்குகளில் வேண்டுமென்றே விட்டுவிட்டு, பிறகு பங்களிப்பு இல்லை என்று அப்ரைசலில் எழுதினால்? அது வேறு கணக்கு. என் குறிப்பேட்டில் அந்த வகையை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

துறைத் தலைவரிடம் போனது அதற்குப் பிறகுதான். ஹெச்.ஆரிடம் முதலில் போகவில்லை. அந்தப் பிரிவு நிறுவனத்துக்காக இருக்கிறது, நம் மனக்குறையைக் கேட்பதற்காக இல்லை என்பது என் எண்ணம். துறைத் தலைவரிடமும் மேலாளரின் குணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முன்னுரிமை அடிக்கடி மாறுவதால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்று மெயில்களைக் காட்டினேன். டீமுக்குப் பொதுவாக ஒரு ஷீட், வேலையும் கெடுவும் அதில்தான் மாறவேண்டும் என்ற ஒரு கோரிக்கை மட்டும் வைத்தேன். ஆளைப் பற்றிய புகார் என்றால் விசாரணை, சமாதானம் என்று இழுத்திருக்கும். ஷீட் என்றதும் சரி என்றுவிட்டார்.

மேலாளர் அதற்கும் கோபித்துக்கொண்டார், சந்தேகமே வேண்டாம். ஆனால் "யார் சொன்னது?" என்ற கேள்வி நின்றுபோனது. எங்களில் சிலருக்கு அதற்கப்புறம் ஞாயிறு சாயங்காலங்களில் வயிற்றைக் கலக்குவதில்லை.

அப்ரைசலில் சுமாரான மதிப்பெண்தான் போட்டார். சுயமதிப்பீட்டில் முடித்த வேலைகளைத் தேதியோடு எழுதியிருந்ததால், மறுபரிசீலனையில் ஒரு படி ஏறியது. அந்த மதிப்பெண்ணை வைத்து நிறுவனத்துக்குள்ளேயே வேறு டீமுக்கு மாற்றல் கேட்டேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில், புதிய துறையைக் கற்றுக்கொள்ள விருப்பம் என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. ஹேண்டோவர் பட்டியலில் கையெழுத்துப் போடாமல் அவர் ஒரு வாரம் இழுத்தடித்தார், அப்புறம் போட்டார்.