சான்று இல்லை

"யாரும் அணுகியதற்கான சான்று இல்லை." அறிக்கையின் மூன்றாவது பத்தியில் நான் எழுதிய நான்கு சொற்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துத் தட்டிப் பார்த்தாலும் உடையாது. எந்த விசாரணையிலும் கூசாமல் சொல்லலாம். எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் பல்லிடுக்கில் சிக்கிய நார் போல உறுத்துகிறது.

மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேவையான அசூரில் எங்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த கன்டெய்னரை, அதாவது கோப்புப் பெட்டியை, யாரும் திறக்கும்படி பொதுவில் திறந்துவிட்டது நான்தான். அதை அன்றே ஒப்புக்கொண்டேன், அறிக்கையிலும் என் பெயரோடுதான் இருக்கிறது. தூக்கம் கெட்டது அதனால் அல்ல.

வெளியிலிருந்து வேலை செய்யும் வடிவமைப்புக் குழுவுக்கு எங்கள் கையேட்டுக் கோப்புகள் வேண்டியிருந்தன. முறைப்படி சாஸ் டோக்கன் போட்டுக் கொடுத்தேன்; கெடுவும் உரிமையும் குறித்துக் கையொப்பமிட்ட ஒரு இணைய முகவரி அது. படிக்க மட்டும் அனுமதி, 3 நாள் கெடு. அவர்களுடைய கருவி அந்த நீளமான முகவரியை ஏற்கவில்லை. கையொப்பப் பகுதியில் ஏற்கெனவே குறியாக்கம் செய்திருந்த சதவீதக் குறிகளை அது இன்னொரு முறை குறியாக்கம் செய்தது. ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் ஒரு 25 வந்து ஒட்டிக்கொண்டது. கையொப்பம் பொருந்தாமல் 403, அதாவது அனுமதி மறுப்பு, வந்தது. இதையெல்லாம் நான் கண்டுபிடித்தது பிற்பாடு, நிதானமான ஒரு பிற்பகலில். அன்று இரவு கண்ணில் பட்டது 403 மட்டும். மறுநாள் காலை அவர்களுக்குச் செயல்விளக்கம். அசூர் போர்ட்டலுக்குப் போய் அணுகல் நிலையைப் பொதுவில் திறக்கும் 'ப்ளாப்' என்று மாற்றினேன். பத்து வினாடி வேலை.

பக்கத்தில் இருந்த பையன், எங்கள் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், கேட்டான்: "எப்போது மூடுவது அக்கா?"

"நான் பார்த்துக்கொள்கிறேன்."

41 நாள் கழித்து அதைப் பார்த்தவன் அவன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணை மூடிக்கொண்டு திறக்கவில்லை. பொதுவில் திறப்பதற்கு அங்கே இரண்டு நிலைகள் உண்டு. 'கன்டெய்னர்' என்று வைத்தால் முகவரியின் வாலில் சில சொற்களைச் சேர்த்து உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். 'ப்ளாப்' என்றால் பட்டியல் கிடைக்காது. கோப்பின் முழுப் பெயரும் தெரிந்தவருக்குத்தான் கோப்பு. இரண்டில் பாதுகாப்பானதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அன்று உள்ளே இருந்தவையும் கையேடுகள் மட்டுமே. எப்படியும் ஊருக்குக் கொடுப்பதற்காக எழுதிய கையேடுகள்.

நான் திறந்து இரண்டு வாரம் கழித்து, வேறொரு குழு அதே கன்டெய்னருக்குள் வாடிக்கையாளர் பில்களைப் போட ஆரம்பித்தது. தனி அடைவுக்குள்தான் போட்டோம், அது தனி இடம்தானே என்றார்கள். சாதாரண ப்ளாப் சேமிப்பில் அடைவு என்பது பெயருக்கு நடுவில் வரும் ஒரு சாய்வுக்கோடு, அவ்வளவுதான். சுவர் போலத் தெரியும், சுவர் கிடையாது. பொது அணுகல் கன்டெய்னர் முழுவதற்கும் சேர்த்துத்தான். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று பல நாள் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால், கன்டெய்னர் பொதுவில் இருக்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? பார்த்துக்கொள்வதாகச் சொன்னவள் நான்.

அந்தப் பில்களின் பெயர்களோ வரிசை எண்கள். முழுப் பெயர் தெரிந்தவருக்குத்தான் கோப்பு என்று மேலே பெருமையாக எழுதினேன். எண்ணத் தெரிந்தால் போதும் என்பதுதான் நிலைமை.

வேறெதற்கோ எல்லாக் கன்டெய்னர்களின் அணுகல் நிலைகளையும் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது அவன் இதைக் கவனித்தான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்து, அந்த வரியைக் காட்டினான். மூடுவதற்கு முன் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளலாம் என்று, உள்நுழையாத உலாவிச் சாளரம் ஒன்றில் ஒரு பில்லின் முகவரியை அடித்தேன். திறந்தது. ஒரு பெண்ணின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், கீழே தொகை. கைபேசி எண்ணின் கடைசி இலக்கத்துக்குப் பக்கத்தில் மை கசிந்தது போல ஒரு புள்ளி. அதைக்கூடப் பார்த்துவிட்டேன். சாளரத்தை மூடினேன். கன்டெய்னரைத் தனிப்பட்டதாக்கினேன். மறுபடி அதே முகவரியை அடித்தேன். 404. அப்படி ஒரு பொருள் இல்லை என்று பதில் வந்தது.

இதைப் பற்றி முன்பு யோசித்ததே இல்லை. அனுமதி கிடையாது என்று அது சொல்வதில்லை. இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்கூட வந்தவருக்கு ஒரு தகவல் கொடுத்தது போல் ஆகிவிடும் அல்லவா? அதனால் இருப்பதை இல்லை என்றே சொல்லிவிடுகிறது. நல்ல பாதுகாப்பு முறை. அரை மணி நேரம் கழித்து நான் செய்ததும் ஏறக்குறைய அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, இந்த ஒப்புமை என்னை அளவுக்கு மீறித் தண்டிக்கிறது. இருக்கட்டும்.

பதிவுகளைத் தேடினோம். நிர்வாகச் செயல்களின் பதிவு தானாகவே 90 நாள் இருக்கும். அதில் நான் இருந்தேன்: தேதி, வினாடி சுத்தமாக நேரம், என் மின்னஞ்சல். கதவைத் திறந்தவர் யார் என்பதற்கு அசைக்க முடியாத ஆவணம். உள்ளே வந்துபோனவர்களைக் குறிக்கும் பதிவோ வேறு. அதை நாமாகப் போய் இயக்கினால்தான் உண்டு. எங்களுக்கு இல்லை. செலவைக் குறைக்க என்று ஒரு கூட்டத்தில் அதை நிறுத்தினார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பத்திக்கு வந்தபோது அவன் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பதிவே எடுக்காதபோது சான்று எப்படி இருக்கும்?"

"அதனால்தான் இல்லை என்று எழுதுகிறேன்."

இந்த உரையாடலை எத்தனை விதமாக ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சில நாள் என் பதில் சாமர்த்தியமாகப் படுகிறது, சில நாள் அசிங்கமாக. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன் சிரிக்கவில்லை. தன் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்து ஒரு வரைபடத்தோடு திரும்பி வந்தான்.

எண்ணிக்கை அளவீடுகள் இருப்பதை நான் மறந்திருந்தேன். பதிவு இல்லாவிட்டாலும், எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை பைட் வெளியே போனது என்ற கணக்கை மட்டும் சேவை தானாக வைத்துக்கொள்கிறது. சாவியோடு வந்தவை, டோக்கனோடு வந்தவை, எதுவும் இல்லாமல் பெயரற்று வந்தவை என்று பிரித்தும் காட்டும். ஒரு வரைபடத்தில் 30 நாள்தான் தெரியும். அவன் இரண்டாகப் போட்டு எடுத்திருந்தான். பெயரற்ற கோரிக்கைகளின் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. 29ஆவது நாள் இரவு, 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில், ஒரு மேடு. 618 கோரிக்கைகள்.

"வடிவமைப்புக் குழுவின் வேலை முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது அக்கா."

"சேமிப்புக் கணக்கு முழுவதற்குமான எண்ணிக்கை இது. இணையதளப் படங்களும் இதே சேமிப்புக் கணக்கில் பொதுவில்தான் இருக்கின்றன. ஏதாவது தேடுபொறி வந்து மேய்ந்திருக்கும்."

இது உண்மை. கன்டெய்னர் வாரியாக அந்த அளவீடு பிரித்துக் காட்டாது. அவனும் அதை மறுக்கவில்லை. வெளியே போன பைட்டுகளைக் கோரிக்கை எண்ணிக்கையால் வகுத்துக் காட்டினான்: ஒன்றுக்குச் சுமார் 210 கிலோபைட். எங்கள் பில் ஒன்றின் அளவும் ஏறக்குறைய அதுதான். இணையதளப் படங்களின் சராசரியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். அதுவும் 200க்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அப்போது வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. 618இல் கொஞ்சம் தோல்வி அடைந்தவை என்றான். பில் வரிசையிலும் ரத்தான எண்கள் விடுபட்டிருக்கின்றன, வரிசையாக எண்ணிக்கொண்டு போகிறவன் அங்கெல்லாம் தடுக்கி விழுவான் என்றான். பழைய பக்கங்கள் நாம் நீக்கிவிட்ட படங்களையும் கேட்கும், தேடுபொறியும் அங்கெல்லாம் தடுக்கி விழும் என்றேன்.

அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. எல்லாம் சரியான பதில்கள். அதுதான் சங்கடம்.

"இதை அறிக்கையோடு இணைக்கட்டுமா?"

"வேண்டாம். படிக்கிறவர்களைக் குழப்பும்."

மேலாளர் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஒன்றும் நடக்கவில்லைதானே?" "அப்படித்தான் தெரிகிறது சார்" என்றேன். அறிக்கை மூடப்பட்டது.

பில்லில் இருப்பது பெயரும் முகவரியும்தானே, கடவுச்சொல் இல்லையே, இதற்காக அத்தனை பேருக்கும் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது, பீதிதான் மிஞ்சும் என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன். இன்றும் அது முழுக்கத் தவறு என்று தோன்றவில்லை. ஆனால் அந்தக் கைபேசி எண் என்னுடையதாக இருந்திருந்தால், பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதை முன்பின் தெரியாத ஒருத்தி அறிக்கையின் மூன்றாவது பத்தியில் தீர்மானித்துவிடுவதை ஒப்புக்கொண்டிருப்பேனா?

"யாராவது அணுகினார்களா என்று கூற இயலாது." இப்படி எழுதியிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான் கூடுதல். இந்த வாக்கியத்தைப் படித்த மேலாளர் அடுத்த கேள்வி கேட்டிருப்பார். நான் எழுதிய வாக்கியம் கேள்வியை முடித்துவைத்தது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேனா, அல்லது எல்லாரும் எழுதும் வழக்கமான தொடர் கைக்கு வந்ததா என்று என்னால் இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது என்றே நம்ப விரும்புகிறேன்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியில் நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு கதை உண்டு. 2023 செப்டம்பரில் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட்டின் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிப் பிரிவு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்த ஒரு இணைப்பின் வழியாக 38 டெராபைட் தகவல் திறந்து கிடந்தது. அதிலிருந்த சாஸ் டோக்கன் சேமிப்புக் கணக்கு முழுவதற்கும் முழு உரிமை கொடுத்திருந்தது, காலாவதி ஆண்டு 2051. 2051 என்னும்போது அறையில் சிரிப்பு எழும், நானும் சிரிப்பேன். இந்தப் பையனும் அப்படிச் சிரித்தவர்களில் ஒருவன். நான் திறந்துவிட்ட கன்டெய்னருக்குக் காலாவதி ஆண்டே கிடையாது என்பதை அவன் என்னிடம் ஒருபோதும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இப்போது இந்தத் தவறைச் செய்வதே கடினமாகிவிட்டது. அமேசானின் எஸ்3 சேமிப்பில் 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகள் (அங்கே கன்டெய்னருக்கு அதுதான் பெயர்) பொது அணுகல் தடுக்கப்பட்டே உருவாகின்றன. அசூரிலும் புதிய கணக்குகளில் பெயரற்ற அணுகல் அணைத்து வைக்கப்பட்டே வருகிறது. எங்களுடையது பழைய கணக்கு. அன்று மாலையே கணக்கு மட்டத்திலேயே அதை அணைத்தேன், இணையதளப் படங்களுக்கு வேறு வழி செய்தேன், பதிவுகளை இயக்கினேன். இதெல்லாம் அறிக்கையில் விரிவாக, படங்களோடு இருக்கிறது. திருத்த நடவடிக்கைகள் என்ற பகுதி மட்டும் இரண்டு பக்கம். மிக நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டு வந்தது.

இன்னொன்று. அந்த 41 நாளில் சாவியோ டோக்கனோ இல்லாமல் ஒரு வாடிக்கையாளரின் பில்லைத் திறந்து படித்த ஒருவரை எனக்கு உறுதியாகத் தெரியும். நான்தான். யாரும் அணுகியதற்கான சான்று இல்லை என்று எழுதியபோது அது நினைவுக்கு வரவில்லை. என்னை நான் 'யாரும்' என்பதில் சேர்க்கவில்லை போலும்.

அவனும் இப்போது சில அறிக்கைகளை எழுதுகிறான், நான் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறேன். போன மாதம் ஒன்றில் "பதிவுகள் இல்லாததால் இது குறித்து எதுவும் கூற முடியவில்லை" என்று எழுதியிருந்தான். அந்த வரியைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே என்று கை போனது. விட்டுவிட்டேன். எதற்காக விட்டேன் என்று அவன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

எண்ணிக்கை அளவீடுகள் 93 நாள்தான் இருக்கும். அந்த 29ஆவது இரவு எப்போது கரையும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு போர்ட்டலைத் திறந்து அந்த மேட்டை மறுபடி பார்த்தேன். தரவாக இறக்கிக்கொள்ளும் பொத்தான் வலது மேல் மூலையில் இருக்கிறது. அழுத்தவில்லை. மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது கோடு அந்த இரவுக்கு அடுத்த நாள் காலையிலிருந்துதான் தொடங்கியது.

அவன் அன்று எடுத்த இரண்டு வரைபடங்களும் இன்னும் அவனிடம் இருக்கின்றனவா என்று நான் கேட்டதில்லை.