மேலே மாளிகை, கீழே ஒயின் கிடங்கு: லுவார் நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 11, புதன். தூர்

சாயங்கால ரயிலில் வந்து இறங்கினோம். வாடகை சைக்கிளில் சீட் உயரம், பிரேக் எல்லாம் சரிபார்த்து, கேரியரின் இரண்டு பக்கமும் பையை மாட்டியாயிற்று. நாளை ஷினோன் வரை, சுமார் 60 கிலோமீட்டர். பிரான்சின் லுவார் ஆற்றையொட்டிய சைக்கிள் வழியின் மொத்த நீளம் 900 கிலோமீட்டர். இது அதில் ஒரு துண்டு.

ஊரில் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே வெள்ளைக் கல். தூஃபோ என்கிறார்கள். சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்த சுண்ணாம்புக் கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். விடுதிச் சுவரை நகத்தால் கீறினேன். வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது.

2024 செப்டம்பர் 12, வியாழன். தூர் – வில்லாந்த்ரி – ஷினோன்

ஏழரைக்கெல்லாம் கிளம்பினோம். ஷேர் நதிக்கரையில் மேடு என்பதே இல்லை. சவோனியேரில் ஆளுக்கொரு குரோசான், ஒரு காபி. அப்புறம் வில்லாந்த்ரி மாளிகை, அதன் தோட்டம்.

முதலில் மேல் மேடைக்கு ஏறியது நல்லதாயிற்று. அங்கிருந்து பார்த்தால் கீழே ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோடுகள். தாயக் கட்டங்களை வரிசையாக விரித்த மாதிரி. இறங்கிக் கிட்டப் போனால் அத்தனையும் காய்கறி! ஊதா முட்டைகோஸ், நீலம் பாய்ந்த லீக்ஸ் தாள், செலரி, பூசணி. ஒரு முட்டைகோஸ் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். வெளி இலைகளில் பூச்சி கடித்த ஓட்டைகள். நடுவில் குவிந்த இலையில் காலைப் பனி வழியாமல் நின்றது. இங்கே ரசாயன மருந்து அடிப்பதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை மொத்தமாக மாற்றி நடுகிறார்கள், வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. நடுநடுவே நிற்கும் ரோஜா மரங்கள், அந்தக் காலத்தில் மடத்துத் தோட்டத்தைக் கொத்திய துறவிகளைக் குறிக்கின்றனவாம்.

கூட்டம் படமெடுப்பதோ காதல் தோட்டத்தை. மென்மையான காதல், வெறிக் காதல், நிலையில்லாத காதல், சோகக் காதல் என்று நான்கு சதுரம். வேலிச் செடியை இதயமாகவும் கத்தியாகவும் கத்தரித்திருக்கிறார்கள். என் ஓட்டு முட்டைகோஸுக்கே.

இதெல்லாம் மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். மாளிகை பழையது, முதலாம் பிரான்சுவா மன்னரின் நிதி அமைச்சர் ழான் லெ ப்ரெதோன் கட்டியது, 1536 வாக்கில் முடிந்தது. பழைய தோட்டத்தை 19ஆம் நூற்றாண்டில் அழித்து, ஆங்கிலேய பாணிப் பூங்கா போட்டுவிட்டார்கள். 1906இல் இதை வாங்கிய ஹோவாகின் கர்வாயோ ஸ்பெயினில் பிறந்த மருத்துவர், ஆய்வுக்கூடத்து மனிதர். மனைவி ஆன் கோல்மன் அமெரிக்கப் பணக்கார வீட்டுப் பெண். ஆராய்ச்சியை விட்டுவிட்டு, மனைவி வீட்டுச் சொத்தைப் போட்டு, பூங்காவைப் பிடுங்கித் திரும்பக் கட்டங்களை வரைந்தார். இப்படி ஒரு பிடிவாதக்காரர் இல்லையென்றால் இன்றைக்கு நாங்கள் பார்த்திருப்பது வெறும் புல்வெளி.

மத்தியானம் ஆற்றங்கரையில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும். சேந்த்-மோர் சீஸ் உருளையின் நடுவில் ஒரு வைக்கோல் தண்டு இருக்கும். அதை உருவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

அதற்கப்புறம் வெள்ளத் தடுப்புக் கரைமேல் நெடுக எதிர்காற்று. ஒரு காலத்தில் சணல் பயிரிட்டுப் பிழைத்த ப்ரெஹெமோன் கிராமத்தைத் தலை தூக்காமலே கடந்தோம். உஸ்ஸே கிராமத்துக்குப் பிறகு ஏற்றம், மேலே ஏறியதும் திராட்சைத் தோட்டங்கள். சில வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி. சாம்பல் நோய் முதலில் ரோஜாவில் தெரியும், கொடிக்கு முன்னெச்சரிக்கை என்பது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

ஷினோனில் ஒரு சிறு ஒயின் கிடங்குக்குள் போனோம். வெளியே வியர்வை, உள்ளே 12 டிகிரி. சுவரில் உளித் தழும்புகள் சாய்வாக ஓடின. மேலே மாளிகை கட்ட வெட்டியெடுத்த கல்லின் குழிதான் கீழே கிடங்கு! அந்தக் குளிர்ச்சி ஒயினுக்கு நல்லது, அதனால் குழி வீணாகவில்லை. கேபர்நே ஃப்ராங் திராட்சையின் சிவப்பு ஒயின். முதலில் ராஸ்பெர்ரி, பின்னால் லேசாகப் பச்சைக் குடைமிளகாய் வாசனை. நண்பனுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு அந்தப் பச்சை வாசனைதான் பிடித்தது. ருசி பார்த்துத் துப்புவதற்கு வாளி வைத்திருக்கிறார்கள். பிரான்சில் சைக்கிள்காரனுக்கும் லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் வரம்பு உண்டு. விடுதி இன்னும் இரண்டு கிலோமீட்டர். துப்பினேன், மனசில்லாமல்.

2024 செப்டம்பர் 13, வெள்ளி. ஷினோன்

தொடை கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. படியேறிக் கோட்டைக்குப் போய்வந்தோம். 1429இல் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) பிரெஞ்சு இளவரசர் சார்லஸைச் சந்தித்த இடம். மாளிகையில் பாதி கூரையில்லாத சுவர். அதுவும் தூஃபோ கல்தான்.

இன்று வியென் ஆறு லுவாரில் கலக்கும் காந்த் வழியாக சோமூர் வரை. மேற்கே போகிறோம், அப்படியென்றால் மறுபடியும் எதிர்காற்று. டயருக்குக் காற்றடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.