கெரீன்னா படகைச் சாய்ச்சுப் போடுறது

போன வாரம் தங்கச்சி மக கடல்கொள்ளைக்காரங்க கதை ஒன்ன இங்கிலீஷ்ல படிச்சுட்டு வந்து, மாமா இந்த 'கெரீன்' (careen)னா என்னன்னு கேட்டா, போன்ல பாத்தா 'தறிகெட்டு ஓடு'ன்னு போட்ருக்கு, கதையில கப்பல் கரையில கெடக்குது, கெடக்குற கப்பல் எப்படி ஓடும்னு. சரியான கேள்வி.

வாய்ல சொல்றத விட காட்டிடலாம்னு பாம்பன் கரைக்கே கூட்டிட்டுப் போனேன். இப்ப மீன்பிடித் தடைக்காலம்ல, ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, கரையெல்லாம் மராமத்து வேலைதான். அங்க பழைய மரப்படகு ஒன்னு மணல்ல ஒருக்களிச்சுக் கெடந்துச்சு, பக்கத்துல கட்டைய முட்டுக் குடுத்து வச்சிருந்தாங்க, ஏராக்கட்டை, அதாவது படகோட அடியில முதுகெலும்பு மாதிரி நீளமா ஓடுற கட்டை, முழுசா வெளிய தெரியுது. பெரியவர் ஒருத்தர் அடிப்பலகையில ஒட்டுன சிப்பியெல்லாம் சுரண்டுறாரு, உதிர்ந்த எடத்துல வெள்ளை வெள்ளையா வட்டத் தழும்பு. இன்னொருத்தர் பலகை இடுக்குல பஞ்சுத் திரிய வச்சு உளியால அடிச்சு இறக்கிட்டு இருந்தாரு, கலப்பத்து வேலை.

இதுதாம்மா கெரீன்னு சொன்னேன்.

லத்தீன்ல கரீனான்னா ஏரா, அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. ஏரா தெரியுற அளவுக்கு கப்பலைச் சாய்ச்சுப் போட்டு அடியைச் சுத்தம் பண்ணி ஓட்டைய அடைக்குறதுதான் மூல அர்த்தம். 1770-ல கேப்டன் குக்கோட எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியா பக்கம் பவளப்பாறையில மோதுனப்பவும் ஒரு ஆத்துக்குள்ள கொண்டுபோய் கரையில சாய்ச்சுதான் சரிபண்ணாங்க. அங்க ஏத்தம் வத்தம் பெருசு, தண்ணி வத்துனா கப்பல் தானா தரையில உக்காந்துரும். நம்ம பாக் கடல்ல தண்ணி அவ்வளவு ஏறி இறங்காது, எல்லாம் ஆளுக தோள் கொடுத்துத்தான்.

அப்புறம் காத்துல கப்பல் ஒருபக்கமா சாயுறதையும் கெரீன்னாங்க, அதுல இருந்து ஆடி அலைஞ்சு போறது, கடைசியா அமெரிக்காவுல கார், பஸ் தறிகெட்டுப் பாயுறதுக்கும் வந்துருச்சு. வேகமா பாயுறதுக்கு 'கெரியர்' (career)னு வேற வினைச்சொல்லே இருக்கு, சத்தம் ஒன்னு போல இருக்கவும் ரெண்டும் கலந்துபோச்சு. புதுசு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பழசு தெரியாம போறது எனக்கு வருத்தமா இருக்கு. கப்பலை யாரோ கெரீன் பண்ணாங்கன்னு வந்தா சாய்ச்சுப் போட்டாங்க, காரு கெரீன் ஆச்சுன்னு வந்தா தறிகெட்டுப் போச்சு, இப்படிப் பிரிச்சுப் பாத்தா குழப்பமே வராது.

இதச் சொல்லிட்டு இருக்கும்போதே பெரியவர் சுரண்டிய கீழ வச்சுட்டு, தம்பி இந்தப் பக்கம் முடிஞ்சுருச்சு, மறுபக்கம் சாய்க்க ஆளு பத்தல, ஒரு கை பிடிங்கன்னாரு. அவளும் செருப்பக் கழட்டிட்டு வந்து பிடிச்சா.