ரீசெட் மெயில் நமக்கு வந்தா பரவாயில்ல, வேற யாருக்கெல்லாம் போகும்னு பாருங்க

சித்தப்பாவோட துணிக்கடை ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கு, ஆர்டர் பாதிக்கு மேல ஃபேஸ்புக் பேஜ்லயும் மெசஞ்சர்லயும் தான் வருது, அந்த கடை மெயில பாக்குறது என் வேலை. தீபாவளி சரக்கு இறங்குற நேரமா பாத்து, ஃபேஸ்புக் பேருல, பாஸ்வேர்ட மாத்தணும்னு கேட்டிருக்கீங்க, இந்தாங்க கோடுன்னு மெயில் வர ஆரம்பிச்சுது. நாங்க யாரும் கேக்கவே இல்ல. ராத்திரி கரண்டு போயி காலைல வந்ததும் போன திறந்தா வரிசையா நிக்குது. சித்தப்பாகிட்ட சொன்னா "எவனோ கதவ தட்டுறான், நாம தெறக்கலன்னா போயிருவான், விடுடா"ன்னுட்டாரு.

அவரு சொன்னது பாதி சரி. மெயில் ஐடி தெரிஞ்ச யாரு வேணா பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு அமுக்கலாம், மெயில் நமக்கு வந்துரும், அந்த கோடு அவன் கைக்கு போகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. எங்க கடை ஐடி வேற பேஜ்லயும் இருக்கு, துணிப்பையிலயும் அச்சடிச்சிருக்கு, அப்புறம் யாரு கைக்கு போச்சுன்னு எங்க தேடுறது.

ஆனா வந்த மெயில் எல்லாமே ஃபேஸ்புக் அனுப்புனது தானான்னு பாக்கணும்ல. மெயில்ல இருக்குற எந்த லிங்கையும் தொடாம நேரா ஆப்ப திறந்து செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் சென்டர், அதுல பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள ரீசன்ட் ஈமெயில்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஃபேஸ்புக் நமக்கு சமீபத்துல அனுப்புன மெயில் அங்க வரிசையா காட்டும். எங்களுக்கு வந்ததுல ஒண்ணு மட்டும் அந்த லிஸ்ட்லயே இல்ல. பேரு ஃபேஸ்புக்னு தான் இருந்துச்சு, அனுப்புன அட்ரஸ அமுக்கி பாத்தா சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஐடி. மத்ததெல்லாம் ஃபேஸ்புக்மெயில்.காம்ல இருந்து வந்த நிஜ மெயில். அந்த பொய் மெயில தூக்கி போட்டாச்சு.

அடுத்து எந்தெந்த இடத்துல லாகின் ஆயிருக்குன்னு பாத்தேன், அங்க தான் தலை சுத்திருச்சு. 2021 பிப்ரவரில இங்க மியான்மர்ல ஃபேஸ்புக்க தடை பண்ணதுல இருந்து எல்லாரும் விபிஎன், அதாவது வேற நாட்டு வழியா நெட்ட சுத்தி விடுற ஆப், போட்டு தான பாக்குறோம், அதனால லிஸ்ட்ல சிங்கப்பூர், ஜப்பான், நெதர்லாந்துன்னு சித்தப்பா உலகமே சுத்திட்டு வந்த மாதிரி கிடக்கு. தெரியாத ஊரு இருந்தா திருடன்னு எல்லாரும் சொல்ற அறிவுரை நம்ம ஊருக்கு உதவாது. நான் ஊர விட்டுட்டு போன் மாடலையும் நேரத்தையும் மட்டும் பாத்தேன், எங்க மூணு பேரு போன தவிர வேற மாடல் ஏதும் இல்ல, இருந்தாலும் எல்லாத்தையும் லாக்அவுட் பண்ணிட்டு புது பாஸ்வேர்ட் போட்டோம். வேற எங்கயும் போடாத பாஸ்வேர்டா, நீளமா.

அதோட விட்டுருக்கலாம். ஆனா கடை போன் இல்லாத இன்னொரு போன்ல, லாகின் ஆகாம, நானே பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு அமுக்கி பாத்தேன். கோட எங்க அனுப்பட்டும்னு மூணு வழி காட்டுது, நடுவுல புள்ளி புள்ளியா மறைச்சு. ஒண்ணு கடை மெயில். இன்னொன்னு சித்தப்பா எப்பவோ தூக்கி போட்ட சிம் நம்பர். மூணாவதா ஒரு மெயில் ஐடி, அது யாருதுன்னே வீட்ல யாருக்கும் தெரியல.

யோசிச்சு யோசிச்சு சித்தப்பாவுக்கே ஞாபகம் வந்துச்சு. முன்ன சிம் வாங்குறதே பெரிய பணக்காரங்க வேலை, 2014ல வெளிநாட்டு கம்பெனிங்க வந்து 1,500 கியாட்டுக்கு சிம் குடுத்தப்ப ஊரே போன் கடைல நின்னுச்சு, மெயில்னா என்னன்னு யாருக்கு தெரியும், கடைப் பையனே ஒரு மெயில் ஐடி உண்டாக்கி அதுல ஃபேஸ்புக் தொடங்கி குடுத்துருவான். பாஸ்வேர்ட போன் டப்பா மூடில பால்பாயிண்ட்ல எழுதி குடுத்தானாம். அந்த பையன் இப்ப எங்க இருக்கானோ, அந்த மெயில் யாரு கையில இருக்கோ, சிம்மும் ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர வேற ஆளுக்கு குடுத்துருவாங்க. நமக்கு வர்ற மெயில பாத்து பயந்துக்கிட்டு இருந்தோம், எவனாவது அந்த ரெண்டு வழில ஒண்ண வச்சிருந்தா அந்த கோடு மெயில் எங்களுக்கு வராமலே பேஜ் போயிருக்கும்.

பர்சனல் டீட்டெய்ல்ஸ்ல போயி அந்த ஐடியையும் பழைய நம்பரையும் எடுத்துட்டு, லாகினுக்குன்னே புதுசா ஒரு மெயில் உண்டாக்கி சேத்தேன், அந்த ஐடி பையிலயும் கிடையாது பேஜ்லயும் கிடையாது. கடை மெயிலயும் லாகின்ல இருந்து தூக்கியாச்சு, அது கஸ்டமருக்கு மட்டும். ரீசெட் மெயில் நின்னது இதுக்கு அப்புறம் தான். புது மெயிலுக்கும் டூ ஸ்டெப், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்குற பூட்டு, போட்டேன், ஏன்னா சாவியெல்லாம் இப்ப அங்க தான இருக்கு.

எஸ்எம்எஸ்ல வர்ற கோடு இங்க சில நேரம் வரும், சில நேரம் மறுநாள் வரும், அத நம்பி பிரயோஜனம் இல்லன்னு, போன்லயே கோட உண்டாக்கி காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டேன். நெட் இல்லாட்டியும் ஓடும், முப்பது செகண்டுக்கு ஒரு கோடு மாறும். ஆனா சித்தப்பா போன்ல எந்த கோட போட்டாலும் தப்பு தப்புன்னு தான் வருது. எடுத்து அழிச்சு மறுபடி போட்டாலும் அதே தான். கடைசில பாத்தா மனுஷன் கடைய நேரத்தோட தொறக்கணும்னு போன் மணிய பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சிருக்காரு! அந்த ஆப் மணிய வச்சு தான் கோடு போடுது. ஆட்டோமேட்டிக்குக்கு மாத்துனதும் உடனே எடுத்துக்கிச்சு, அவருக்கு தான் முகம் சரியில்ல.

போன் தொலைஞ்சா அந்த புது ஜிமெயிலுக்குள்ள போறதுக்கு கூகுள் பத்து பேக்கப் கோடு குடுக்கும், அத பேப்பர்ல எழுதி பேங்க் புக்கோட வச்சாச்சு, போன்ல போட்டோ எடுத்து வைக்க வேணாம்.

இதுக்கு நடுவுல மெசஞ்சர்ல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பேருல "தம்பி, உன் நம்பருக்கு ஒரு கோடு வந்திருக்கும், கொஞ்சம் அனுப்பு"ன்னு கேட்டுச்சு. அண்ணனுக்கு போன் போட்டா அவரு அக்கவுண்டே போயி ரெண்டு நாளாச்சுங்கிறாரு. கோடு யாரு கேட்டாலும் முதல்ல போன் போட்டு குரல கேட்டுருங்க.

சித்தி அக்கவுண்டும் அதே போன் கடைல தொடங்குனது தான், அதையும் இனிமே தான் பாக்கணும். டப்பா மூடி கிடைச்சிருச்சு, எழுத்து தான் பாதி அழிஞ்சு போச்சு.